பான்டூன் படகு வாங்கியாச்சா? தண்ணீரில் இறக்கும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

டல்லாஸுக்கு வடக்கே, ஃப்ரிஸ்கோ, லிட்டில் எல்ம் பக்கம் இருக்கிற நம்மவர்களில் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு குடும்பங்கள் பான்டூன் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நான்கு வருடம் முன்பு 22 அடியில் ஒரு பழைய படகு வாங்கினோம். அதிலிருந்து மார்ச் மாதம் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும்: "வாங்கியாச்சு, இந்தச் சனிக்கிழமை இறக்கிடலாமா?" ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது. சட்டம் என்று வருமிடமெல்லாம் டெக்சஸ் சட்டம், ஏரி என்றால் லூயிஸ்வில் ஏரி. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பான்டூன் கவிழவே கவிழாது என்கிறார்களே, அப்புறம் என்ன பயம்?

லேசில் கவிழாது, உண்மைதான். அடியில் இரண்டு அல்லது மூன்று அலுமினிய உருளைகள், மேலே பலகைத் தளம், சுற்றிலும் வேலி, உள்ளே சோபா. 1950களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஆம்புரோஸ் வீர்ஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாகச் சேர்த்துப் பற்றவைத்து மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டதிலிருந்து வந்தது இது. நம் ஊரில் காலி டிரம்களைக் கட்டி தெப்பம் செய்கிறார்களே, அதே யோசனை. எங்கள் வீட்டில் படகுக்குப் பேரே தெப்பம்தான். ஆனால் கோயில் தெப்பத்தைக் கயிறு கட்டி மெதுவாக இழுப்பார்கள். இதன் முதுகில் 115 குதிரைசக்தி இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது.

வசதிதான் இதில் வில்லங்கம். வீட்டு ஹாலில் இருக்கிற நினைப்பு வந்துவிடும். ஓடுகிற படகில் எழுந்து நடப்பார்கள், குழந்தை கதவுத் தாழ்ப்பாளை நோண்டும், மாமா வேலிமேல் ஏறி உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரிப்பார். பான்டூனில் பயப்பட வேண்டியது படகு கவிழ்வதற்கு அல்ல, ஆள் விழுவதற்கு. கீழே வருகிற பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான்.

பேப்பர் வேலை என்னென்ன?

டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), படகின் பின்னால் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு இன்ஜினுக்குத் தனியாக இன்னொரு டைட்டில். பழைய படகு வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். விற்பவர் படகு டைட்டிலை மட்டும் நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். படகின் பின்புறம் வலது பக்கத்தில் பொறித்திருக்கும் 12 எழுத்து-எண்ணும் இன்ஜின் சீரியல் எண்ணும் காகிதத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று நீங்களே குனிந்து படித்துப் பாருங்கள். மாற்றிப் பதிவதை 45 நாளுக்குள் முடித்துவிடுங்கள். பதிவு எண்ணை முன்பக்கம் இரண்டு புறமும் 3 அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்தில் ஒட்ட வேண்டும். இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் மரினாக்காரர்கள் (படகுத்துறை நடத்துபவர்கள்) கேட்பார்கள், நீங்களும் எடுத்துவிடுங்கள்.

ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டுமா?

கார் மாதிரி லைசென்ஸ் கிடையாது. 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் இந்த அளவு இன்ஜின் உள்ள படகை ஓட்ட, படகுப் பாதுகாப்புப் படிப்பு முடித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். "நான் 1984, எனக்குத் தேவையில்லை" என்று சொல்கிற ஆள்தான் அதிகம். சட்டத்துக்குத் தேவையில்லை, சரி. ஆன்லைனில் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிகிற படிப்பு. எதிரே வருகிற படகுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதைத் தண்ணீரில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது. வீட்டில் இரண்டு பேர் முடித்துவிடுங்கள். ஓட்டுபவருக்கே மயக்கம் வந்தால் யார் கரை சேர்ப்பது?

எங்கள் வண்டியால் இதை இழுக்க முடியுமா?

விற்பவர் சொல்வது பெரும்பாலும் வெறும் படகின் எடை. அதோடு இன்ஜின், டிரெய்லர், பெட்ரோல் (கேலனுக்கு சுமார் 6 பவுண்டு), நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர வேண்டும். எங்களுடையது எல்லாம் சேர்த்து 3,700 பவுண்டு. சியன்னா, ஒடிஸி மாதிரி வேன்கள் அதிகபட்சம் 3,500 வரைதான். இழுத்துவிடும், நிறுத்தாது, விஷயம் அங்கேதான். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிற எண்ணைப் பாருங்கள், நண்பர் சொல்கிற எண்ணை அல்ல.

டிரெய்லர் டயரில் கட்டை நிறைய இருக்கும், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ஆனால் வெயிலிலேயே நின்று ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சக்கர பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா, குறுக்குப் பட்டைகள் நைந்திருக்கிறதா. அப்புறம், மேலே இருக்கும் வெயில் கூடாரத்தை மடித்துக் கட்டிவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டும். எங்களுடையது 380 நெடுஞ்சாலையில் குடை மாதிரி திருப்பிக்கொண்டு போனது, துணி 400 டாலர், பின்னால் வந்தவர் அடித்த ஹாரன் இலவசம்.

படகில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உருளைகளை முதலில் பாருங்கள். பற்றவைத்த இடங்களில் விரிசல், ஒடுக்கு, உப்பு பூத்த மாதிரி வெள்ளைத் திட்டு. கையால் தட்டிக்கொண்டே போனால் தண்ணீர் புகுந்த இடத்தில் சத்தம் மாறும். பான்டூனுக்குத் தண்ணீர் வடிக்கும் அடைப்பான் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள், சிலவற்றில் உருளையின் பின்முனையில் இருக்கும். டிரெய்லரில் இருக்கும்போதே திறந்து பாருங்கள், தண்ணீர் கொட்டினால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் இறக்காதீர்கள். ஆள் யாரும் இல்லாதபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால் அதுவும் இதே கதைதான்.

தளத்தில் காலால் அழுத்தி நடந்து பாருங்கள். பழைய படகில் கார்ப்பெட்டுக்கு அடியில் பலகை ஊறி மெத்து மெத்தென்று இருக்கும். வேலிக் கதவுகளின் தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் உள்ளிருந்து இடுப்பால் தள்ளிப் பாருங்கள். திறந்துகொண்டால் அன்றைக்கே மாற்றுங்கள். 20 டாலர் சாமான்.

இன்ஜினுக்கு என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் இன்ஜின் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்தப் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்த நிலையில் சுற்றினால் சட்டென்று கிழிந்துவிடும். வீட்டு வாசலில் ஓட்டிப் பார்க்க, இன்ஜின் தண்ணீர் உறிஞ்சும் இரண்டு பக்கத் துளைகளிலும், காதில் மாட்டுகிற மாதிரி, மாட்ட ரப்பர்க் கிண்ணம் விற்கிறார்கள், தோட்டக் குழாயை அதில் பொருத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கவாட்டுச் சின்னத் துளை வழியே, குழந்தை ஒன்றுக்குப் போவது போல், தண்ணீர் நிற்காமல் பீய்ச்ச வேண்டும். ஏரியிலும் அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டியது அந்தத் தாரையைத்தான். நின்றால் இன்ஜினை நிறுத்துங்கள். பழைய இன்ஜின் என்றால், முந்தையவர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள்.

கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்ரோலில் 15 சதவீத எத்தனால் கலந்தது படகுக்குக் கூடாது, 10 சதவீதம்தான் மேல்வரம்பு. குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை நம்பாதீர்கள். புது இன்ஜின் வாங்கியவர்களுக்கு: முதல் 10 மணி நேரம் கையேட்டில் சொன்ன மாதிரி அடக்கி ஓட்டுங்கள், முதல் சர்வீஸ் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் வரும்.

பேட்டரி? முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். பாட்டு கேட்க ஒன்று, ஸ்டார்ட் செய்ய ஒன்று என்று இரண்டு இருந்தால் நிம்மதி.

லைஃப் ஜாக்கெட் எத்தனை, எப்படிப்பட்டது?

படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் ஒன்று, அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகரித்தது என்று உள்பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில், விழுந்தவருக்குத் தூக்கிப் போட ஒரு மிதவையும் வேண்டும். மெத்தை மாதிரி இருக்கிறதே என்று அதன்மேல் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், எழுப்பி எடுத்து ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் படகு ஓடும்போது போட்டே ஆக வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தாலும் ஓடுவதாகத்தான் கணக்கு. நங்கூரம் போட்டாலோ கரையில் கட்டினாலோதான் விலக்கு. குழந்தை அளவு எடையை வைத்து: 30 பவுண்டுக்குக் கீழ், 30 முதல் 50, 50 முதல் 90. "அடுத்த வருஷமும் போடுவான்" என்று பள்ளிச் சீருடை மாதிரி ஒரு அளவு பெரிதாக வாங்காதீர்கள். போட்டுவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் மேலேறி மோவாய், காதைத் தாண்டினால் அது தண்ணீரில் கழன்றுவிடும்.

பெரியவர்களைப் போட வைப்பதுதான் பெரும்பாடு. எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார், "நான் கிணத்துல குதிச்சு நீந்திப் பழகினவன் தம்பி, எனக்கு எதுக்கு இது" என்பார். கிணற்றில் சுவர் இருக்கிறது, படி இருக்கிறது, பம்ப்செட் குழாய் இருக்கிறது, மேலே நாலு பேர் நிற்கிறார்கள். ஏரியில் 20 மைல் வேகத்தில் போகும்போது விழுந்தால் முதலில் தண்ணீர் அறைந்து மூச்சைப் பிடுங்கும், படகு திரும்பி வருவதற்குள் அவர் 200 அடி பின்னால் இருப்பார். 2023ல் அமெரிக்காவில் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள், காரணம் தெரிந்தவற்றில் முக்கால்வாசி நீரில் மூழ்கி, அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போடவில்லை. இந்த எண்ணைச் சொல்லியும் கேட்காதவருக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன்: ஜாக்கெட் போடாதவர் பிரியாணி டப்பாவைக் காக்க கரையிலேயே இருக்கலாம். இதுவரை யாரும் கரையில் தங்கியதில்லை.

வேறு என்ன கட்டாயம்?

டேங்க் படகோடு நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் தீயணைப்பான் வேண்டும், 5-பி குறியிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறிகிற வகைக்கு 12 வருடம்தான் ஆயுள், செய்த வருடம் அடியில் பொறித்திருக்கும். பழைய படகோடு வருவது பெரும்பாலும் காலாவதியானதாகத்தான் இருக்கும். விசில் அல்லது ஹாரன். இரவு விளக்குகள்: இடது சிவப்பு, வலது பச்சை, பின்னால் கம்பத்தில் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை. பகலில் மட்டும்தான் போவோம் என்பவர்களும் எரிகிறதா பாருங்கள், ஏனென்றால் எல்லோருமே ஒரு நாள் சூரியன் மறைந்த பிறகுதான் திரும்பி வருவார்கள்.

கடலோரக் காவல்படையின் துணைப்படைத் தொண்டர்கள் இலவசமாகப் படகைச் சோதித்து ஸ்டிக்கர் தருவார்கள். குறை இருந்தால் அபராதம் எல்லாம் கிடையாது, என்ன வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் வருடம் கண்டிப்பாக அழைத்துப் பாருங்கள்.

ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்புச் சுருள் கயிறு தொங்குகிறதே, அது?

இன்ஜினை அணைக்கும் கயிறு. ஒரு முனை சுவிட்சில், மறுமுனை உங்கள் ஜாக்கெட்டில். நீங்கள் தடுமாறி விழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இதை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பது டெக்சஸில் 2019 முதலும் நாடு முழுக்க 2021 ஏப்ரல் முதலும் சட்டம். மாட்டுங்கள். வேகமாக ஓடும் படகில் ஓட்டுபவர் விழுந்துவிட்டால், உள்ளே இருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் அதை நிறுத்தத் தெரியாது, படகு வட்டமடித்து விழுந்தவர்மேலேயே வரலாம்.

எத்தனை பேர் ஏறலாம்?

படகில் பொருத்தியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கிறது, ஆள் எண்ணிக்கையும் மொத்த எடையும். எங்களுடையதில் 11 பேர். 11 பேரும் ஐஸ் பெட்டியும் இரண்டு அண்டா சாப்பாடும் ஏறினால் எடை வரம்பை முதலிலேயே தாண்டிவிடுவோம், அதனால் எட்டோடு நிறுத்திவிடுகிறேன். "குழந்தைதானே, மடியில வச்சுக்கிறேன்" என்பது படகில் செல்லாது.

முன்னால் கால் தொங்கப்போட்டு உட்காரலாமா? எல்லோரும் உட்காருகிறார்களே.

கூடவே கூடாது. இந்த ஒரு பதிலில் எனக்குச் சமரசம் கிடையாது. பான்டூனில் வேலிக்கு வெளியே, முன்புறம் ஒரு திண்ணை மாதிரி தளம் நீட்டிக்கொண்டிருக்கும். காலைத் தண்ணீரில் உரசவிட்டு உட்கார ஆசையாகத்தான் இருக்கும். ஓட்டுபவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தால் படகின் மூக்கு கீழே இறங்கும், உட்கார்ந்தவர் நேராக முன்னால் விழுவார். விழுந்தவர் இரண்டு உருளைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார், அந்த வழி போய் முடிகிற இடம் புரொப்பெல்லர். ஓட்டுபவர் நியூட்ரலுக்குக் கொண்டுவரக்கூட நேரம் இருக்காது.

படகு நகரும் முன் எல்லாக் கதவும் மூடியிருக்க வேண்டும், எல்லோரும் வேலிக்குள் இருக்கையில் இருக்க வேண்டும். நான் கண்டக்டர் மாதிரி "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திவிட்டுத்தான் கியர் போடுவேன்.

ராம்பில் (படகு இறக்கும் சரிவில்) இறக்கும்போது எல்லோரும் பார்க்கிறார்களே, பதற்றமாக இருக்கிறது.

முதல் இரண்டு முறை காலியான பார்க்கிங்கில் ரிவர்ஸ் பழகுங்கள். முதல் இறக்கத்தை வாரநாளில், காலை ஏழு மணிக்கு வையுங்கள், சனிக்கிழமை பத்து மணிக்கு அல்ல. சாமான் ஏற்றுவது, கயிறு கட்டுவது, பின் பட்டையை அவிழ்ப்பது எல்லாம் ராம்புக்கு வெளியிலேயே. விளக்கு ஒயரைக் கழற்றுங்கள். படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் முன் வின்ச் பட்டையை மட்டும் படகு தண்ணீரைத் தொடும்வரை அவிழ்க்காதீர்கள், கான்கிரீட்டில் வழுக்கி விழுந்த படகை ஒருமுறை பார்த்தேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காற்று, அலை, மழை?

பான்டூன் தண்ணீரில் ஒரு பெட்டி. வேலியும் கூடாரமும் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். கரையில் கட்ட வரும்போது முடிந்தால் காற்றுக்கு எதிராக, மெதுவாக, கியரைப் போட்டுப் போட்டு எடுத்து வாருங்கள். இடிக்கப் போகிறது என்றால் இடிக்கட்டும், கையையோ காலையோ நடுவில் விடாதீர்கள்.

பெரிய அலை வந்தால் பழக்கத்தில் எல்லோரும் த்ராட்டிலை (வேகக் கைப்பிடியை) முழுக்கக் குறைப்பார்கள். அப்போதுதான் மூக்கு இறங்கி அலை தளத்தின்மேல் ஏறும். முன்னால் இருப்பவர்களைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, கொஞ்சம் வேகம் வைத்து மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி, அலையைச் சாய்வாகக் கடக்க வேண்டும்.

லூயிஸ்வில் ஏரி அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அணை கட்டி உருவாக்கியது, 1955ல் முடிந்தது. தண்ணீருக்கடியில் பழைய மரக்கட்டைகள் அப்படியே நிற்கின்றன. நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 522 அடி இருந்தால் நிறைந்த கணக்கு, வெயில்காலத்தில் அது குறையக் குறைய கட்டைகள் மேலே வரும், கிளைக் கால்வாய்களில் முக்கியமாக. கிளம்பும் முன் அன்றைய மட்டத்தைப் பாருங்கள். இடி கேட்டால் கரைக்குத் திரும்புங்கள், அலுமினியப் படகில் கம்பிக் கூடாரத்துக்கு அடியில் இருக்கிறீர்கள்.

நடு ஏரியில் நிறுத்திக் குளிக்கலாமா?

இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்ட பிறகு. நியூட்ரல் போதாது, ஏணி பெரும்பாலும் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உள்ளே ஒரு வாண்டு த்ராட்டிலைத் தட்டிவிட்டால் போதும். ஓடும் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு, பின்புறம் தொங்கிக்கொண்டு இருப்பவர்களுக்கு அதுவும் ஆபத்து. நங்கூரத்தை முன்னாலிருந்து போடுங்கள், பின்னாலிருந்து அல்ல. ஆழத்தைப் போல் ஏழு மடங்கு கயிறு விட்டால் பிடித்து நிற்கும்.

பீர்? அடுப்பு?

ஓட்டுபவருக்கு இல்லை. ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்ற வரம்பு காரில் போலவே படகிலும் உண்டு. வெயிலும் ஆட்டமும் சேர்ந்தால் இரண்டு பீர் மூன்று மாதிரி வேலை செய்யும். அடுப்பு, சுக்குக் காப்பி, பரோட்டா சூடு பண்ணுவது எல்லாம் கரையில். உங்கள் சோபாவுக்குப் பக்கத்தில் 30 கேலன் பெட்ரோல் இருக்கிறது.

திரும்பி வந்ததும் கழுவ வேண்டுமாமே?

வரிக்குதிரைச் சிப்பி. டெக்சஸில் முதலில் 2009ல் டெக்சோமா ஏரியில் கண்டார்கள், இப்போது லூயிஸ்விலிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தேங்கிய தண்ணீரில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதனால் ஏரியை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஒட்டிய பாசியை எடுங்கள், வடியுங்கள், காயவிடுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், கூட்டிப் போகலாமா?

தாராளமாக, மற்ற எந்தப் படகையும்விட அவர்களுக்கு இதுதான் தோது. ஆனால் உங்கள் முதல் மூன்று பயணங்களில் வேண்டாம், நீங்கள் படகைக் கரையில் கொண்டுவந்து கட்டப் பழகிய பிறகு. மரினாவில் ஏற்றுங்கள், ராம்பில் வேண்டாம். கரைக்கும் படகுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் இடைவெளிதான் அவர்களுக்கு ஆபத்து, இருபுறமும் ஆள் நின்று கை கொடுங்கள். சேலையைவிட சுடிதார் நல்லது, செருப்பைவிட ஷூ. ஏறியதும் பின்பக்க இருக்கையில் உட்கார வையுங்கள், குலுக்கல் குறைவு. ஜாக்கெட்டை முந்தின நாள் வீட்டிலேயே போட்டுப் பார்த்து பெல்ட்டைச் சரிசெய்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குத் திரும்பிவிடுங்கள், பெரும்பாலான பான்டூன்களில் டாய்லெட் கிடையாது, அவர்கள் வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார்கள்.